தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வரை நீளும் ஒரு கேசட்

"பிரிண்ட் எப்படி வே இருக்கு?"

எழுபதுகளின் தமிழ்ப் படங்கள்மேல் பித்துக்கொண்ட இருவர் தூத்துக்குடியில் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டுத்தான் போகும். 'முள்ளும் மலரும்' கேசட்டில் இருட்டுக் காட்சியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்பார் ஒருவர். கலர் படங்கள் சிவந்துபோய்க் கிடக்கின்றன, கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் இன்னும் அப்படியே இருக்கின்றன என்பார் இன்னொருவர். இசைத்தட்டில் கேட்ட அதே பாட்டு டெக்கில் சுருதி ஏறி ஒலிக்கிறதே என்பார் காது கூர்மையான ஒருவர். 'உதிரிப்பூக்கள்' சி.டி.யில் கடைசிக் காட்சியின் ஆற்றுத் தண்ணீர் கட்டம் கட்டமாக உடைகிறது என்று குறைப்படுவார் நான்காமவர்.

நான்கு பேரும் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஒரு படம் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வந்து சேர எத்தனை வேடம் மாற வேண்டியிருக்கிறது! வெள்ளித் துகளாக, சாயமாக, காந்தப் பொடியாக, கடைசியில் வெறும் எண்களாக. ஒவ்வொரு மாற்றமும் படத்தின்மேல் தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. ரசிகர்கள் குறையென்று சொல்வது அந்த அடையாளங்களைத்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டே போனால், மனித மூளை செய்த மிக அழகான சில தந்திரங்களைப் பார்த்துவிடலாம்.

முதலில் படச்சுருள். 35 மில்லிமீட்டர் அகலம், நொடிக்கு 24 சட்டங்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 புகைப்படங்கள். சுருளை நீட்டிப் போட்டால் 4 கிலோமீட்டரைத் தாண்டும். ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். பழைய ரசிகர்கள் படத்தின் நீளத்தை மணிக்கணக்கில் சொல்லாமல் 'பதினாலு ரீல்' என்று சொன்னது இதனால்தான்.

இந்தச் சுருள் புரொஜக்டருக்குள் சீராக ஓடுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நின்று நின்று போகிறது. ஒவ்வொரு சட்டமும் விளக்கின் முன் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு வெடுக்கென்று அடுத்தது வர வேண்டும். ஆனால் அதே சுருளின் ஓரத்தில் ஒலியும் ஓர் அலைக்கோடாக அச்சாகியிருக்கிறது. ஒலி நின்று நின்று ஓடினால் பாட்டு பாட்டாக இராது. இரண்டுக்கும் எப்படி ஒத்துப்போவது? ஒரு காட்சிக்கான ஒலியை அதன் பக்கத்திலேயே அச்சிடாமல் 20 சட்டங்கள் தள்ளி அச்சிட்டுவிட்டார்கள். சுருள் விளக்கின் முன் வெட்டி வெட்டி நகர்கிறது. சற்றுக் கீழே இறங்கி, உருளைகளில் சுற்றிச் சீரானதும் ஒலி படிக்கப்படுகிறது.

இதனால் ஒரு வேடிக்கை. தியேட்டரில் சுருள் அறுந்து, ஆபரேட்டர் சில சட்டங்களை வெட்டி ஒட்டினால், முதலில் படம் குதிக்கும். முக்கால் நொடிக்குச் சற்றே கூடுதலாகக் கழிந்து வசனம் குதிக்கும். பழைய கேசட்டில் இப்படி இரட்டைக் குதிப்பு வந்தால், அது நல்ல மூலப் பிரதியிலிருந்து எடுத்ததல்ல என்று புரிந்துகொள்ளலாம். ஊர் ஊராக ஓடிக் களைத்த தியேட்டர் பிரதி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. தூத்துக்குடி சார்லஸ் தியேட்டரிலோ வேறெங்கோ என்றோ ஒரு மாலையில் அறுந்த இடமாகக்கூட அது இருக்கலாம்.

அடுத்தது சிவப்பு. அந்தக் காலப் படங்களின் டைட்டிலில் ஈஸ்ட்மென் கலர், கேவா கலர், ஆர்வோ கலர் என்று பெருமையாகப் போடுவார்கள். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சைநீலம் என மூன்று சாயங்கள், மூன்று மெல்லிய அடுக்குகளில். எல்லா நிறங்களும் இந்த மூன்றின் கலப்பு. சாயம் என்பது கரிமச் சேர்மம். வெப்பத்தில் மெல்லச் சிதையும். எழுபதுகளின் தியேட்டர் பிரதிகளில் பெரும்பாலும் முதலில் தளர்ந்தது பச்சைநீலச் சாயம். சிவப்பு ஒளியைத் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. காவலாளி இறந்துபோனால் சிவப்பு தடையின்றி உள்ளே வரும். வானம் ரோஜா நிறமாகும், வயல் பழுப்பாகும், முகங்கள் எல்லாம் வெந்துபோனது போலத் தோன்றும். பெட்டிக்குள் இருட்டில் பத்திரமாக வைத்தாலும் இது நிற்காது. குளிரில்தான் வேகம் குறையும்; குளிரூட்டிய கிடங்குகள் நம் விநியோகஸ்தர்களிடம் எங்கே இருந்தன?

கறுப்பு வெள்ளைப் படத்தில் சாயமே கிடையாது. உருவத்தைத் தாங்கி நிற்பது நுண்ணிய வெள்ளித் துகள். வெள்ளி ஓர் உலோகம். சாயம் வெளுப்பதுபோல் அது வெளுப்பதில்லை. வண்ணம் பெருகிவிட்ட எழுபதுகளிலும் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'அபூர்வ ராகங்கள்' (1975), 'அவர்கள்' (1977) எல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு வந்ததும் அப்படித்தான். அந்தப் படத்தின் வசனத்தில் பங்கேற்ற வண்ணநிலவன், அதற்கு முந்தைய ஆண்டுதான் நம் மணப்பாட்டுக் கடற்கரை மக்களை வைத்து 'கடல்புரத்தில்' நாவலைத் தந்திருந்தார். தூத்துக்குடி ரசிகர்களுக்கு அந்தப் படத்தின்மேல் தனி உரிமை உண்டு என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என நம்புகிறேன்.

வெள்ளிக்கு ஒரு சாபமும் உண்டு. அதற்குச் சந்தையில் விலை இருக்கிறது. ஓடி முடிந்த சுருள்களைக் கழுவி வெள்ளியைப் பிரித்து விற்கும் தொழில் இந்தியாவில் இருந்தது. நூற்றுக்கணக்கான படங்கள் அப்படித்தான் கரைந்துபோயின. தப்பியவற்றை இன்னொன்று பிடித்தது. சுருளின் அடித்தாள் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதிலிருந்து அசிட்டிக் அமிலத்தைப் பிரிக்கும். நாம் வினிகர் என்று கடையில் வாங்குவதும் நீரில் கலந்த அதே அமிலம்தான். டப்பாவைத் திறந்ததும் புளித்த நெடி மூக்கைத் துளைக்கும்; ஆவணக் காப்பாளர்கள் இதற்கு 'வினிகர் நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், வெளியேறிய அமிலமே அடுத்த சிதைவை வேகப்படுத்துகிறது. சுருள் சுருங்கும், வளையும், கடைசியில் நொறுங்கும். கடற்கரை ஊர்களின் புழுக்கம் இந்த நோய்க்குப் பிடித்தமான சீதோஷ்ணம்.

ஆக, படச்சுருள் சிதைந்துகொண்டே இருந்தது. அதே பத்தாண்டில் ஜப்பானில் சிலர் வேறொரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தை நாடாவில் பதிந்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சோனி 1975-இல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது, ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வி.எச்.எஸ். கேசட்டை வெளியிட்டது. நாம் டெக் என்று அழைத்தது இவற்றை ஓட்டும் கருவிகளைத்தான்.

அவர்கள் முன் இருந்த சிக்கலின் அளவைப் பாருங்கள். நாம் கேட்கும் ஒலி நொடிக்கு அதிகபட்சம் 20,000 அதிர்வு. அதற்கு ஆடியோ கேசட் நாடா நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்தால் போதும். படமோ நொடிக்கு முப்பது லட்சம் முறை மாறும் சமிக்ஞை. அத்தனையையும் காந்தப் பொடியில் எழுத, நாடா, அதில் எழுதிப் படிக்கும் காந்த முனையான ஹெட்டின் முன் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஓடியாக வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: 52 கிலோமீட்டர். தூத்துக்குடியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனால் திருநெல்வேலி வந்துவிடும். அதை யார் கேசட்டுக்குள் அடைப்பது?

தீர்வு, கேட்டவுடன் கைதட்டத் தோன்றுவது. நாடா வேகமாக ஓட முடியாதென்றால் ஹெட் ஓடட்டும். வி.எச்.எஸ். டெக்கின் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே பளபளக்கும் ஓர் உலோக உருளையைப் பார்த்திருப்பார்கள். 62 மில்லிமீட்டர் விட்டம். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட்கள். நம் ஊர் முறையில் அது நிமிடத்துக்கு 1,500 தடவை சுழல்கிறது. நாடாவோ அதைப் பாதி சுற்றியபடி நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் மட்டும் நகர்கிறது, ஆடியோ கேசட்டின் பாதி வேகத்தில். உருளை சற்றுச் சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின்மேல் கீழிருந்து மேலாகச் சரிவாக ஒரு கோடு இழுக்கிறது. ஒவ்வொரு கோடும் சுமார் 10 சென்டிமீட்டர். தேங்காய்ப் பத்தை போல அடுத்தடுத்து, ஒட்டி ஒட்டி. இதற்குச் சாய்தடப் பதிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 கோடுகள். மூன்று மணி நேரத்தில் 5,40,000. அத்தனை கோடுகளையும் நுனியோடு நுனி சேர்த்தால் அதே 52 கிலோமீட்டர்! நாடாவின் நீளமோ 250 மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பெரும்பாலான தலைமுடிகளைவிட மெல்லியது. இவ்வளவு நெருக்கத்தில் பக்கத்துக் கோட்டின் சமிக்ஞை கலந்துவிடாதா? நடுவே இடைவெளி விட்டால் நாடா வீணாகும். அதனால் இரண்டு ஹெட்களின் வாய்களையும் 6 பாகை வீதம் எதிரெதிராகத் திருப்பி வைத்தார்கள். முதல் ஹெட் எழுதியது இரண்டாவதுக்கு ஏறக்குறைய கேட்காது. இரண்டாவது எழுதியது முதலாவதுக்குக் கேட்காது. சுவரே இல்லாமல் இரண்டு வீட்டுக்குத் தனிமை கொடுத்த வேலை அது.

டெக்கில் பாஸ் பொத்தானை அழுத்தினால் என்ன நடந்தது என்பதும் இப்போது விளங்கும். நாடா நின்றுவிடும், உருளை சுழன்றுகொண்டே இருக்கும். ஹெட்கள் அதே கோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும். திரையில் கமலோ ஸ்ரீப்ரியாவோ உறைந்து நிற்பார். நாடா நகராததால் ஹெட் போகும் பாதையின் சரிவு மட்டும் இம்மியளவு மாறி, பக்கத்துக் கோட்டை உரசும். படத்தின் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த இரைச்சல் பட்டை அப்படி வந்ததுதான். டிராக்கிங் குமிழைத் திருகியபோது நாம் செய்தது, ஹெட்டை மறுபடி அந்த மெல்லிய கோட்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் வேலை. வேறொரு டெக்கில் பதிந்த கேசட்டுக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது.

இந்த நிறுத்தும் வசதிதான் ரசிகர்களை உருவாக்கியது என்று நான் நினைக்கிறேன். அதுவரை சினிமா ஓடிக்கொண்டே இருந்தது. பார்ப்பவர் அதன் பின்னால் ஓடினார். எண்பதுகளில் டெக்கும் கலர் டி.வி.யும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து, கல்யாண வீட்டிலும் திருவிழா நாளிலும் மூன்று படம் தொடர்ந்து பார்த்த தலைமுறை, முதன்முறையாக ஒரு காட்சியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. '16 வயதினிலே'யை (1977) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்ரீதேவி மெதுவாக மிதந்து ஓடும் பாடல் காட்சி இருக்கிறதல்லவா? மெதுவியக்கம் எடுக்க வேண்டுமானால் கேமரா நொடிக்கு 24 சட்டத்துக்குப் பதில் 48-ஓ 96-ஓ எடுத்தாக வேண்டும். அந்த வேகக் கேமராவுக்குப் படத்தின் சிறிய பட்ஜெட்டில் இடமில்லை. பாரதிராஜா ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லிவிட்டார். உடல் மெதுவாகலாம், புவியீர்ப்பு மெதுவாகாது. உண்மையான மெதுவியக்கத்தில் கூந்தலும் துணியும் உடலின் அதே தாளத்தில் எழுந்து விழும். நடித்துக் காட்டும் மெதுவியக்கத்தில் அவை தம் வழக்கமான வேகத்தில்தான் விழும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதின்வயது ஸ்ரீதேவியின் கால்கட்டுப்பாட்டின்மேல் மரியாதை கூடும்.

இனி அந்தச் சுருதிப் புகார். சினிமா நொடிக்கு 24 சட்டம். இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 25. ஒரு சட்டம் இடிக்கிறது. இடித்ததைச் சமாளிக்க எளிய வழி, படத்தையே 25 வேகத்தில் ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டும் அதே வேகத்தில் ஓடுவதால் சுருதி உயரும். எவ்வளவு? அரைக் கட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குப் போகும் தூரத்தின் முக்கால் பங்கு அது. கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை. டெக்கில் இளையராஜாவைக் கேட்டு முகம் சுளித்தவருக்கு நான் பெரிய வணக்கம் வைப்பேன்.

இருட்டுக் காட்சிகளின் கதை வேறு. 'முள்ளும் மலரும்' படத்துக்கு (1978) ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. கிடைக்கும் இயற்கை ஒளியை நம்பி நிழலில் விவரம் வைத்தவர். தியேட்டருக்கான பிரதி, வலிமையான விளக்கு ஊடுருவிப் போவதற்கென்றே அடர்த்தியாக அச்சிடப்படுவது. அதைத் தொலைக்காட்சி வருடிக்கு முன் வைத்தால் நிழலிலிருந்து வரும் சமிக்ஞை மிகச் சன்னமாகிவிடும். நாடாவின் இயல்பான இரைச்சல் அதை மூடிவிடும். அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து மற்றொன்று என்று நகல் எடுக்க எடுக்க, ஒவ்வொரு முறையும் புது இரைச்சல் வந்து சேரும். நாயகன் காளியின் கோபம் தெளிவாகத் தெரிந்தது. அவர் பின்னால் இருந்த மலை காணாமல் போனது.

அகலத் திரைக்கு நடந்தது இன்னும் மோசம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் அதிகமான அகலம். அன்றைய டி.வி. பெட்டியோ ஏறக்குறைய சதுரம். பெட்டியை நிரப்ப வேண்டுமென்றால் சட்டத்தின் நூற்றுக்கு 43 பங்கை வெட்டித் தள்ள வேண்டும். சிவாஜியோடு பேசிக்கொண்டிருப்பவர் யார் என்று தெரியாமலே ஒரு வசனம் முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கேசட்டின் இடத்தைப் பளபளக்கும் வட்டத்தகடு பிடித்தது. நாம் சி.டி. என்றே சொன்ன வி.சி.டி.யின் விதிமுறை 1993-இல் வந்தது. அதில் நாடாவும் இல்லை, காந்தமும் இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றைச் சுருள் பாதையில் நுண்குழிகள். ஆனால் அந்தத் தகடு பாட்டுக்காகப் பிறந்தது. ஒரு படத்தை அப்படியே எண்களாக்கினால், வி.சி.டி.யின் சிறிய சட்ட அளவுக்குக்கூட நொடிக்கு 3 கோடி இருமங்கள் வேண்டும்; இருமம் என்றால் 0 அல்லது 1. தகடு படத்துக்குத் தரக்கூடியது 11.5 லட்சம் மட்டுமே. இருபத்தாறில் ஒரு பங்கு. மீதி இருபத்தைந்து பங்கை எறிந்துவிட வேண்டும். எறிந்தது யாருக்கும் தெரியவும் கூடாது!

இதைச் சாதித்த கணிதமும் எழுபதுகளில் பிறந்ததுதான். 1974 ஜனவரியில் மூன்று பெயர்கள் தாங்கி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது: பெங்களூரில் பிறந்த நசீர் அஹமத், அவருடைய மாணவர் டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ். மூவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். அந்த முறைக்குத் தனித்த கொசைன் உருமாற்றம் என்று பெயர். இதை ஆராய 1972-இல் அஹமத் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பிட்டவர் ஒருவரின் கருத்து. பாலசந்தர் 'அவள் ஒரு தொடர்கதை' எடுத்த அதே ஆண்டில் அச்சான அந்த எளிய யோசனை இல்லாமல், அந்தப் படம் பின்னாளில் தகட்டுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. இன்று உங்கள் கைபேசி எடுக்கும் சாதாரணப் புகைப்படத்திலும் அதுதான் இருக்கிறது.

அது என்ன செய்கிறது என்பதைச் சொல்ல நம் ஊரிலேயே பொருத்தமான கருவி இருந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில் முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளைகள், கடைசிச் சல்லடையில் 1,000. பருமுத்து மேல் சல்லடையில் தங்கும். சிறியது அடுத்ததற்கு இறங்கும். கடைசியில் கிடைப்பது தூள். கொசைன் உருமாற்றம் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் இப்படித்தான் சலிக்கிறது. கட்டத்தின் மொத்த வெளிச்சம் ஒரு சல்லடையில், இடமிருந்து வலமாக மெல்லக் கூடும் நிழல் அடுத்ததில், நுணுக்கமான கோடுகள் இன்னும் கீழே என்று 64 தட்டுகள். மதிப்பெல்லாம் பெரும்பாலும் மேல் தட்டுகளில்தான் சேரும். அடித்தட்டுத் தூளை எறிந்தால் நம் கண் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கடைசியாக 1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தச் சல்லடைகளுக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. அதே தருக்கம் இப்போது உலகத்தின் எல்லாத் திரைகளுக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது பாதிக் கதை. மறுபாதி, சட்டங்களுக்கு இடையே இருக்கும் ஒற்றுமையைப் பயன்படுத்துவது. நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார். சுவர் மாறவில்லை, நாற்காலி மாறவில்லை. எதற்கு நொடிக்கு 25 தடவை சுவரை எழுத வேண்டும்? ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் முழுப்படத்தை எழுதிவிட்டு, நடுவில் 'இந்தத் துண்டு முன்பு அங்கே இருந்தது, இப்போது இவ்வளவு இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது' என்ற குறிப்பை மட்டும் எழுதுகிறார்கள். இதன் பெயர் இயக்கத் திசையன். அதாவது, நீங்கள் சி.டி.யில் பார்த்த பெரும்பாலான சட்டங்கள் முழுப் படங்களே அல்ல. பிளேயர் குறிப்புகளைப் படித்து, பழைய துண்டுகளை நகர்த்தி, அந்தக் கணத்தில் ஒட்டுப்போட்டுக் காட்டியவை.

இப்போது 'உதிரிப்பூக்கள்' (1979) ஆற்றுக்கு வருவோம். மகேந்திரனின் இயக்கம், அசோக் குமாரின் ஒளிப்பதிவு, ஊர் முழுக்கக் கரையில் நிற்க விஜயன் தண்ணீருக்குள் இறங்கும் அந்த முடிவு. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு சுழியும் மினுக்கமும் ஒரு கணம்தான் உயிரோடு இருக்கிறது. முந்தைய சட்டத்திலிருந்து எடுத்து நகர்த்தி வைக்க ஒரு துண்டுகூடக் கிடைக்காது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். எழுத இருமங்கள் போதாது. உடனே கணிதம் சல்லடையில் மேலும் மேலும் தட்டுகளை எறிகிறது. கடைசியில் மேல் தட்டு மட்டும் மிஞ்ச, எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் வெளியே தெரிந்துவிடுகின்றன. மழை, புகை, காற்றில் அலையும் நெல்வயல் எல்லாம் இப்படித்தான் உடையும். எந்த ஸ்டூடியோவுக்குள்ளும் அடங்காத வெளியைத் தேடிப் போன இயக்குநர்களின் படங்கள்தான் வி.சி.டி.யில் அதிகம் அடிபட்டன என்பது எனக்குத் தீராத வருத்தம். ஒரே அறைக்குள் பேசிக்கொண்டிருந்த படங்கள் அழகாகத் தப்பித்தன.

ஒரு சிறு அதிர்ஷ்டமும் உண்டு. தகடு ஒன்றில் 74 நிமிடம். இரண்டு தகட்டில் 148. தியேட்டரில் 150 நிமிடம் ஓடிய படம் அதில் அடங்கியிருக்காது. தொலைக்காட்சி வேகத்தில் அது 144 ஆகிவிட்டதால் அடங்கிவிட்டது. சுருதியைக் கெடுத்த அதே தந்திரம் மூன்றாவது சி.டி.யின் விலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கீறல் விழுந்த தகடு எப்படியோ ஓடிவிடுவதிலும் கணிதம் இருக்கிறது. தரவை வரிசையாக எழுதாமல் கலைத்துப் பரப்பி, கூடவே சரிபார்ப்பு எண்களையும் எழுதியிருப்பார்கள். பாதையில் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் காணாமல் போனதைக் கணக்கிட்டு மீட்டுவிட முடியும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கிய கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூலளவே அழிக்கும். வட்டமாக விழுந்த கீறல் பாதையோடு சேர்ந்து நீளமாக அழித்துவிடும். எனவே தகட்டைத் துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

இத்தனை தேய்மானத்துக்குப் பிறகும் இந்த வீட்டுப் பிரதிகள் ஏன் முக்கியம்? பல படங்களுக்கு மூலநெகட்டிவ் இன்று இல்லை என்பதால். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' (1978) மீட்டெடுக்கப்பட்டு 2022-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. மூலநெகட்டிவ் கிடைக்காததால் நகல் நெகட்டிவிலிருந்து எடுத்த மீட்பு அது. அவருடைய 'கும்மாட்டி'யை (1979) எஞ்சியிருந்த பழைய பிரதிகளை வைத்து மீட்டார்கள். சுருளே கிடைக்காத படத்துக்கு அடுத்த ஆதாரம் எது? யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் கேசட்தான். அதில் தெளிவு குறைவாக இருக்கலாம். ஆனால் பின்னாளில் டி.வி.க்காக வெட்டப்பட்ட ஒரு காட்சியோ, தூக்கிவிடப்பட்ட ஒரு பாட்டோ முழுசாக இருக்கலாம். படம் எவ்வளவு நீளம், எந்த வரிசையில் காட்சிகள் வந்தன என்பதற்கு அது சாட்சி.

கேசட்டுக்கும் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. காந்தப் பொடியை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி மெல்லச் சிதைகிறது. ஓட்டுவதற்கு டெக்கும் அரிதாகிவிட்டது: ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியதோடு புதுக் கருவி வருவது நின்றுபோயிற்று. தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் கேசட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, தரையிலிருந்து உயரத்தில், ஈரம் சேராத அலமாரியில் வையுங்கள். எழுபதுகளின் படம் ஏதாவது கையில் அகப்பட்டால் ஆசையில் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் சன்னல் வழியாக நாடாச் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். முதலில் நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் ஓட்டும்போதே கணினியில் பதிந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நாள்பட்ட நாடாவுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.